புழைக்கடைத் தோட்டத்திற் கோரையை ஒழிக்கும் விதம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தை அடுத்த பழையசீவரத்தில் புழைக்கடைத் தோட்டம் போடுவோர் கோரைப்புல்லை மேலாகச் செதுக்கி விடுவதில் பயனில்லை. மண்ணுள் சங்கிலிபோற் கோத்துள்ள கிழங்குகள் மீண்டும் முளைக்கும். இவற்றிற் பெரும்பாகம் அரையடி ஆழத்திற்குள் இருப்பதால், சித்திரை வெயிலில் முக்காலடி ஆழம் மண்வெட்டியாற் கொத்திப் புரட்டி, கிழங்குகளைப் பொறுக்கி உலர்த்திக் கொளுத்துதல் வேண்டும். எருக்குழியில் அவற்றை இடலாகாது. எருவோடு தோட்டத்திற்கே திரும்பி வரும்.

ஆடியில் சென்டுக்கு 100 கிலோ மக்கிய தொழுவெரு கலந்து வெண்டை, கத்தரி வைக்கலாம். முளைத்த கோரை சில வாரங்களிற் புதுக்கிழங்கு கட்டுமாதலால், 15 நாளைக்கொருமுறை களைகொத்துதல் அவசியம். தழை வளரவிடாது கொத்திவரின் கிழங்கு உணவிழந்து நலியும். ஒரு பருவம் அசட்டை செய்யின் முந்திய உழைப்பு முழுதும் வீணாம்.