கயிறு கட்டிய மறுநாள்

குடியை விட நினைப்பவர் கோயிலுக்குப் போய்க் கையில் கயிறு கட்டிக்கொள்வது நம் ஊர்ப்பக்கம் சகஜம். வருசநாட்டு மலையடிவாரத்துக் கடமலைக்குண்டும் அதற்கு விலக்கல்ல. அந்த உறுதியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மறுநாள் காலையில் உடம்பு என்ன செய்யும் என்று வீட்டில் யாரும் சொல்லித் தருவதில்லை.

பேயுமில்லை, சாமியுமில்லை

பல வருடம் தினமும் குடித்தவரின் மூளை மதுவின் மந்தத்தைச் சமாளிக்கத் தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். சட்டென நிறுத்தினால் மந்தம் போய்விடும், வேகம் மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலர் இல்லாத ஆளோடு பேசுவார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். அப்போது மந்திரிக்க அழைத்துப் போவதில் போகும் நேரம் உயிரையே வாங்கிவிடும். தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கொண்டு போங்கள். நடுக்கத்தை அடக்க மருந்து உண்டு; குடியால் உடம்பில் வற்றிப்போன தயமின் என்ற பி1 வைட்டமினையும் ஊசியாகப் போடுவார்கள்.

இன்னொன்று. குடியை மறக்கடிக்கும் மருந்தென்று எதையாவது வாங்கி, அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்காதீர்கள். குடியை விடத் தரும் டைசல்பிராம் என்ற மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் சம்மதத்தோடு, மருத்துவர் சொல்லித்தான் அதைத் தர வேண்டும்.

சாயங்காலம் என்ன செய்வது?

மருந்தோடு வீட்டாரின் துணையும் வேண்டும் என்று காட்டியவர் சாந்தி ரங்கநாதன். குடிநோயால் கணவரை இழந்தவர். 1980-இல் சென்னையில் அவர் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடியை ஒழுக்கக்கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்த்தது. மனைவி, பிள்ளைகளையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. கிராமத்துக்கே போய் முகாம் போட்டது. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

வீட்டாரைச் சேர்த்ததுதான் இதில் பெரிய விஷயம் என்பேன். மருந்து சில வாரத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு தோப்பு வேலை முடிந்து கூலி கையில் வரும் சாயங்காலம், அதே கூட்டாளி, அதே பாதை. சில மாதத்துக்குக் கூலியை வீட்டில் கொடுத்துவிடலாம், வேறு பாதையில் திரும்பலாம். குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. வீட்டுக் கணக்கிலும் பிள்ளை படிப்பிலும் அவரிடம் யோசனை கேளுங்கள். பழைய கதையைக் குத்திக் காட்டுகிற வீட்டில் யாருக்கும் உட்காரப் பிடிக்காது.

மறுபடி குடித்துவிட்டால்

நிறையப் பேருக்கு நடக்கும். சர்க்கரை ஏறினால் திரும்ப மருத்துவரிடம் போவதில்லையா, அப்படித்தான் இதுவும். “சத்தியத்தை மீறிட்டியே” என்று விரட்டாமல் அந்த வாரமே அழைத்துப் போங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446-க்குப் போன் செய்யுங்கள். அது போதை மீட்புக்கான இலவச தேசிய உதவி எண். குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, வீட்டாரும் பேசலாம்.