பழைய மொறிஸ் மைனர் சோதனையில் தேறுமா?



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக முகாமிலும் உறவினர் வீடுகளிலும் வாழ்ந்துவிட்டுச் சொந்தக் காணிக்குத் திரும்பிய ஒரு விவசாயக் குடும்பம், பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாங்க எண்ணியது. வெங்காயத்தைச் சந்தைக்கு ஏற்றலாம், பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோகலாம், நேரம் கிடைக்கும்போது வாடகைக்கும் ஓடலாம் என்பது அவர்களின் கணக்கு. மகளின் நகையை அடைவு வைத்துப் பணம் புரட்ட முடிவாயிற்று. விற்பவர் புகைச் சோதனைச் சான்றிதழைக் காட்டினார். சென்ற மாதந்தான் கார் சோதனையில் தேறியிருந்தது.

வாங்க இருந்தவர் காரை ஊரிலுள்ள ஒரு பழைய கராஜ்காரரிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போயிருந்தேன்.

"அண்ணை, சேர்ட்டிபிக்கற் எல்லாம் சரியா இருக்குது. வாங்கலாம்தானே?"

"தம்பி, அது புகைக்குக் குடுத்த சேர்ட்டிபிக்கற். பிறேக்குக்கு ஆர் குடுத்தது?"

கராஜ்காரர் உள்ளே ஏறியிருந்து பிறேக்கை மிதித்துக் காலை எடுக்காமல் வைத்திருந்தார். அவரது கால் மெல்ல மெல்ல அடித்தட்டு வரை இறங்கிவிட்டது.

இக்கட்டுரை அவர் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றியது. ஒரு பழைய கார் சோதனையில் தேறியது என்றால் எதில் தேறியது? எதைப் பற்றி அந்தச் சோதனை ஒன்றும் சொல்லவில்லை?

மொறிஸ் மைனர் எப்படிப்பட்ட கார்?

அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இந்தக் கார் 1948 இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டன. இலங்கைக்கும் ஏராளமாக வந்தன. ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகியவற்றைப் போல இதுவும் எமது ஊர்களுக்கு நன்கு பழக்கமான வாகனம். 1990களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை இருந்தபோது, சிறிது பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட பழைய கார்களை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எளிமையான எஞ்சின், கையால் திருத்தக்கூடிய பாகங்கள் என்பன இதன் பலம். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வாகனங்களின் விலையும் ஏறியது. 2025 இல் இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தபோதிலும் புதிய கார் எமது விவசாயிகளின் கைக்கு எட்டும் விலையில் இல்லை. ஆகவே பழைய காரை நாடுவது இயல்பே.

இங்கிலாந்தின் அனுபவம்

இந்தக் கார் பிறந்த நாட்டில் வாகனச் சோதனை 1960 இல் ஆரம்பமானது. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களின் பிறேக், வெளிச்சம், ஸ்ரியறிங் ஆகிய மூன்றையும் பார்த்தார்கள். தவறிய வாகனங்கள் மிகப் பல. அதனால் அடுத்த ஆண்டிலேயே வயதெல்லை ஏழாகக் குறைக்கப்பட்டது. 1967 இல் அது மூன்றாயிற்று. 1968 இல் ரயரும், 1977 இல் உடற்பாகத்தின் நிலை முதலியனவும் சேர்க்கப்பட்டன. பெற்றோல் வாகனங்களின் புகையை அளப்பது 1991 இல்தான் வந்தது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். உயிரைக் காப்பவை முதலில் வந்தன. புகை பின்னால் வந்தது.

2009 ஆம் ஆண்டின் கணக்கொன்று பலரையும் வியக்க வைத்தது. 1960 க்கு முன்னர் செய்யப்பட்ட வாகனங்களுள் முதற் சோதனையில் தவறியவை நூற்றுக்குப் பத்திலும் குறைவு. பின்னர் செய்யப்பட்டவற்றுள் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் தவறின. இப்படியான காரணங்களால் 1960 க்கு முற்பட்ட வாகனங்களுக்கு 2012 இல் சோதனையிலிருந்து விலக்களித்தார்கள். 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத 40 வயதைத் தாண்டிய வாகனங்களுக்கும் அந்த விலக்குக் கிடைத்தது.

அப்படியானால் பழைய கார் புதிய காரிலும் நல்லதா? அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வரக்கூடாது. பழுதான பழைய கார்கள் எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டன. எஞ்சியவை, உரிமையாளர்கள் பிள்ளையைப் போலப் பராமரித்து, மழை படாத கொட்டிலில் வைத்து, ஆண்டில் சில நூறு மைல் மட்டும் ஓட்டுபவை. அவற்றைத் தேற வைத்தது வயதல்ல, பராமரிப்பு. நாள்தோறும் மூட்டை ஏற்றிக் குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் ஓடும் எமது காருக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

எமது நாட்டில் எதைச் சோதிக்கிறார்கள்?

இலங்கையில் 2008 இல் தொடங்கிய புகைச் சோதனை, ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கு அவசியமானது. பெற்றோல் வாகனங்களின் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன் ஆகியவற்றைக் கருவி அளக்கும். பஸ், லொறி போன்றவற்றுக்கு இதைவிடத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். சொந்தப் பாவனைக் காருக்கு அது கேட்கப்படுவதில்லை.

எனவே ஒரு மொறிஸ் மைனர் புகைச் சோதனையில் தேறியது என்றால், அன்றைய தினம் அதன் எஞ்சின் ஓரளவு சுத்தமாக எரித்தது என்பதே பொருள். காபரேற்றரைத் துப்புரவாக்கி, காற்று வடியை மாற்றி, பிளக்கையும் பொயின்றையும் சீர்செய்து, எரியும் நேரத்தைச் சரிப்படுத்தினால், எஞ்சின் தேயாத கார் பெரும்பாலும் தேறிவிடும். நீல நிறப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. றிங் அல்லது வால்வுப் பகுதி தேய்ந்திருக்கலாம். கறுப்புப் புகை வந்தால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது.

பிறேக்கையோ ஸ்ரியறிங்கையோ கறளையோ அந்தக் கருவி பார்ப்பதில்லை. மொறிஸ் மைனரின் ஆபத்தான பலவீனங்களோ அவற்றில்தான் இருக்கின்றன.

மூன்று பலவீனங்கள்

முதலாவது பிறேக். நான்கு சில்லுகளுக்கும் பிறேக் எண்ணெய் ஒரே வழியாகத்தான் போகிறது. ஓரிடத்தில் ஒழுகினாலும் நான்கு சில்லுகளிலும் கால் பிறேக் இல்லாமற் போகும். பிறகு கை பிறேக் ஒன்றே துணை. எண்ணெயைத் தள்ளும் பிரதான சிலிண்டர் சாரதியின் காலடியில், தட்டுக்குக் கீழே மறைந்திருப்பதால் பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

இரண்டாவது முன்சில்லின் மூட்டு. சில்லைத் தாங்கும் கீழ் மூட்டு, புரி வெட்டப்பட்ட ஓர் இணைப்பு. அதற்குத் தவறாமல் கிறீஸ் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் மூட்டுக் கழன்று சில்லு உட்பக்கமாக மடிந்துவிடும். இது மொறிஸ் மைனருக்கே பேர்போன பழுது. கிறீஸ் விலை சொற்பம். அதை மறந்தால் வரும் இழப்புப் பெரிது.

மூன்றாவது கறள். இந்தக் காருக்கு லொறியைப் போலத் தனிச் சட்டம் இல்லை. கதவுகளுக்குக் கீழே நீளமாகச் செல்லும் பெட்டி போன்ற தகரப் பாகமும் அடித்தட்டும் சேர்ந்தே பாரத்தைத் தாங்குகின்றன. பின் வில்லுத் தகடுகள் பொருத்தப்பட்ட இடமும் விரைவில் கறள் பிடிக்கும். இவற்றைப் பசை பூசி, பெயின்ற் அடித்து மறைப்பது எளிது.

நீங்களே செய்யக்கூடிய சோதனை

காரை வாங்குமுன் ஒரு முறையும், வாங்கியபின் ஆண்டுக்கு இரு முறையும் பின்வருவனவற்றைச் செய்யுங்கள். சிறிய காந்தம் ஒன்றும் ஜக் ஒன்றும் போதும்.

1. கார் நிற்கும்போது பிறேக்கை அழுத்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். கால் மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பிரதான சிலிண்டர் பழுது. நான்கு சில்லுகளின் உட்பக்கத்திலும் ஈரம் இருக்கிறதா எனப் பாருங்கள்.

2. சரிவான இடத்தில் நிறுத்திக் கை பிறேக்கை இழுங்கள். கார் நகரக்கூடாது.

3. முன்சில்லை ஜக்கில் உயர்த்தி, அடியில் மரக்குற்றி ஒன்றும் வைத்து, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் மூட்டோ பெயறிங்கோ தேய்ந்திருக்கிறது. ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே ஒருபோதும் செல்லாதீர்கள்.

4. ஸ்ரியறிங்கை இருபக்கமும் மெதுவாக அசையுங்கள். சில்லு அசையாமல் ஸ்ரியறிங் மட்டும் அதிகம் சுழன்றால் பழுது உண்டு.

5. கதவின் கீழ்ப்பாகத்தில் காந்தத்தை ஓட்டிச் செல்லுங்கள். அது ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பசைதான் இருக்கிறது. உள்ளே விரிப்பைத் தூக்கி அடித்தட்டையும் பாருங்கள்.

6. ரயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களை வாசியுங்கள். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்தது. பூ நன்றாக இருந்தாலும், பக்கம் வெடித்த பழைய ரயர் பாரம் தாங்காது.

7. எஞ்சின் இலக்கத்தையும் சேசி இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இடப்பெயர்வுகளில் பல வாகனங்களின் புத்தகங்கள் தொலைந்தன. பல உரிமையாளர்கள் வெளிநாடு சென்றுவிட்டார்கள். பெயர் மாற்ற முடியாத காரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

வாடகைக்கு ஓட எண்ணுபவர்கள், சொந்தப் பாவனைக்கென எடுத்த காப்புறுதி அதற்குச் செல்லுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

காரின் விலையோடு செலவு முடிவதில்லை

கையிலுள்ள பணம் முழுவதையும் காருக்குக் கொடுத்துவிட்டால் பிறேக் திருத்தப் பணம் இராது. ஆகவே ஒரு பகுதியைத் திருத்த வேலைக்கென முதலிலேயே ஒதுக்குங்கள். பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு சிறு தொகையை உண்டியலில் போடுங்கள். மாட்டுக்குத் தீன் போடாமல் பாலை எதிர்பார்க்கலாமா? கார் விடயமும் அப்படித்தான்.

பழைய மொறிஸ் மைனர் சோதனையில் தேறுமா என்று கேட்டால், கவனித்தால் தேறும் என்பதே பதில். ஆனால் தேறியது எந்தச் சோதனையில் என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும். சான்றிதழ் ஒரு நாளைக்குரியது. உங்கள் பிள்ளைகள் அந்தக் காரில் நாள்தோறும் ஏறப் போகிறார்கள்.

முதலில் சொன்ன குடும்பம் அன்று அந்தக் காரை வாங்கவில்லை. திருத்தச் செலவை விலையில் கழிக்க விற்பவர் சம்மதிக்கவில்லை. அடைவுக்கென எடுத்த நகை திரும்பப் பெட்டிக்குள் போயிற்று. வேறு கார் பார்க்கப் போகும்போது தகப்பனாரின் சட்டைப் பையில் ஒரு காந்தம் இருக்கிறது.