அப்பளமாய்ச் சுருளாத வாழ்த்து அட்டை

மார்கழி பிறந்தால் பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டிப் பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்ட காலம் ஒன்று இருந்தது. எம்.ஜி.ஆர்., சிவாஜி, ஜல்லிக்கட்டுக் காளை, கரும்பு. இப்போது எல்லாம் கைபேசியில் வந்து விழுகிறது. தபாலில் ஒன்று அனுப்ப ஆசைப்பட்டால் நாமே செய்துகொள்ளலாம். வரையத் தெரியாதவர்களுக்கென்றே இருக்கிறது, தாள்துண்டுகளை ஒட்டிப் படமாக்கும் கொலாஜ்.

‘ஒட்டுவது’ என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. 1912-ல் பிக்காசோ, நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட துணியை ஓவியத்தில் ஒட்டினார். எனக்கென்னவோ அவரைவிட மேரி டெலானியைத்தான் பிடிக்கிறது. இந்த ஆங்கிலேய மூதாட்டி 1772-ல், 72 வயதில், வண்ணத் தாள்களை வெட்டிக் கறுப்புத் தாளில் பூக்களாக ஒட்டத் தொடங்கினார். பார்வை மங்கிக் கத்தரியை வைப்பதற்குள் ஏறக்குறைய ஆயிரம் பூக்கள்! அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

நமக்குப் பானை போதும். பழுப்பு உறையை வெட்டினால் மண்பானை. பழைய கல்யாணப் பத்திரிகையின் தங்க ஓரம் சூரியனாகும். வாரப் பத்திரிகை விளம்பரத்தில் ஊதா நிறம் அகப்பட்டால் கரும்பு தயார். பொங்கி வழியும் நுரைக்கு மட்டும் கத்தரி வேண்டாம். வழவழப்பான தாளைக் கையால் கிழித்தால் ஓரத்தில் வெள்ளை நார் தெரியும், அதுவே நுரை.

ஒட்டும்போதுதான் வம்பு. நான் செய்த முதல் அட்டை காய்ந்ததும் பொரித்த அப்பளம்போலச் சுருண்டுகொண்டது. பசையைத் திட்டினேன், குற்றம் என்னுடையது: தாளில் நார் ஓடும் திசையைப் பார்க்கவில்லை. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணிக்கொள்ளும். ஆலையில் கூழ், ஓடும் வலைமேல் பாயும்போது நார்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடுகின்றன. நனைந்தால் ஒவ்வொரு நாரும் நீளத்தில் அதிகம் மாறாது, பருமனில் உப்பும். ஆகவே பசை பட்ட தாள் ஒரு பக்கமாக விரிகிறது. காயும்போது சுருங்கி, அடியிலுள்ள அட்டையையும் சேர்த்து இழுக்கிறது.

அட்டையை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவுக்கோடுதான் நார் ஓடும் திசை. மடிப்பு அதே திசையில் இருந்தால் வெடிக்காது. பெரிய தாள்களின் நாரையும் அதே வாட்டத்தில் வைத்து ஒட்டுங்கள். பசை கெட்டியாக, மெல்லிய பூச்சாக இருக்கட்டும். மைதாப் பசை காய்ச்சினால் அன்றன்றைக்குப் போதும்; கெடாமலிருக்கச் சுவரொட்டிப் பசையில் கலக்கிற மயில்துத்தம் நஞ்சு, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் வேண்டவே வேண்டாம். ஒட்டியதும் வெள்ளைத்தாள் மூடி, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓரிரவு வையுங்கள்.

இருபது பேருக்கு அனுப்ப இருபது முறை ஒட்ட வேண்டியதில்லை. ஒன்றை ஸ்கேன் செய்து 250 ஜிஎஸ்எம் ஏ4 அட்டையில் கலர் பிரிண்ட் எடுத்து, நடுவில் மடித்தால் ஆயிற்று. தாளின் நிழல்கூட அதில் விழும். மூல அட்டையை வைத்துக்கொள்வதானால் அதில் செய்தித்தாள் துண்டு வேண்டாம். அந்தத் தாளிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டால் மஞ்சளாகிவிடும்.

போன வருடக் காலண்டரைப் போகித் தீக்கென்று பரணில் போட்டிருந்தால், வெட்டி ஒட்டுவதற்கு மார்கழித் தொடக்கத்திலேயே இறக்கிவிடுங்கள். போகியன்று ஒட்டினால் பொங்கலுக்குப் போய்ச் சேராது.