சாயம் ஏறாத கட்டி! காட்டிக் கொடுத்த கோடுகள்

குறிஞ்சிப்பாடி, கைத்தறி லுங்கிக்குப் பேர் போன ஊர். சாயம் வெளுத்த துணியைக் கொடுத்தாலும் அங்குள்ள நெசவாளி இழையைப் பார்த்து ரகத்தைச் சொல்லி விடுவார். டாக்டர்களும் சில கட்டிகளில் இப்படி இழை பார்ப்பது உண்டு.

தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் உயிரணுக்களில் "மெலனோமா" என்ற புற்றுநோய் தோன்றுகிறது. நம் நாட்டில் இது அபூர்வம். வந்தால் உள்ளங்காலில் வருவதுண்டு. பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். சில சமயம் நிறமே இராது!

அங்கேதான் வந்தது குழப்பம். சாதாரண மைக்ராஸ்கோப்பில் அது வேறு புற்று போலவே தெரியும். பிறந்த இடம் தெரியாமல் எந்த வைத்தியம் செய்வது? ஒரு புற்றுக்குக் கேட்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காதே!

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் கை கொடுத்தது. ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான்களைப் பாய்ச்சிப் பார்க்கும் கருவி இது. 1931-ல் ஜெர்மனியில் எர்னஸ்ட் ரஸ்காவும் மாக்ஸ் நோலும் முதலில் செய்தார்கள். (ரஸ்காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1986-ல், அப்போது வயது 79!) பிறகு வந்த கருவிகள் லட்சம் மடங்குக்கு மேல் பெரிதாக்கின. கட்டியின் துணுக்கை வைரக் கத்தியால் சீவுகிறார்கள். தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு, அவ்வளவு மெல்லிசு!

நிறமற்ற கட்டிக்குள் என்ன தெரிந்தது? முட்டை வடிவத்தில் நுண்ணிய பைகள். அவற்றுக்குள் பாவு இழை போல வரிசையாகக் கோடுகள். கறுப்பு ஏறுவதற்கு முந்திய நிலை அது. மெலனோமாதான்!

இப்போது பெரும்பாலும் அந்தக் கோடுகளில் உள்ள புரதத்தையே சாயமேற்றிக் கண்டுபிடிக்கிறார்கள். செலவும் குறைவு. சாயத்துக்கும் பிடிபடாத கட்டிகளே எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குப் போகின்றன.