மேரி கோம்: கொண்டாட்டத்துக்குள் ஒரு மனத்தாங்கல்

உலகக் குத்துச்சண்டை வாகையர் போட்டிகளில் ஆறு தங்கம் உட்பட எட்டுப் பதக்கங்களை வென்ற மேரி கோமைப் பற்றி, இந்தியாவில் இந்த விளையாட்டைத் தொடர்ந்து கவனித்துவரும் ரசிகர்கள் பேசும்போது, புகழுரை முடிந்த இடத்தில் ஒரு தயக்கமும் சேர்ந்துகொள்வதைக் காணலாம். ஒலிம்பிக் காலத்தில் மட்டும் குத்துச்சண்டை பார்ப்பவர்களிடம் இந்தத் தயக்கம் இருப்பதில்லை. அவர்களுக்கு அவர் பதக்கத்தோடு நிற்கும் தாய், திரைப்படமாகிவிட்ட ஒரு வாழ்க்கை. உள்ளூர்ப் போட்டிகளையும் தேசிய முகாம்களின் செய்திகளையும் விடாமல் பின்தொடர்கிறவர்களுக்கோ, 2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நடந்தவை இன்னும் ஆறாத மனத்தாங்கலாக இருக்கின்றன. எந்தக் குணத்துக்காக அவரைக் கொண்டாடினார்களோ, அதே விட்டுக்கொடாமைதான் அந்த ஆண்டில் அவர்களைச் சங்கடப்படுத்தியது என்பதால், இந்த இரு உணர்வுகளில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தெடுப்பது எளிதன்று.

மணிப்பூரின் காங்காதெய் என்னும் சிற்றூரில், கோம் என்ற சிறிய பழங்குடியில், நிலத்தில் உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் பிறந்த அவரைக் குத்துச்சண்டையின் பக்கம் திருப்பியது, 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அதே மாநிலத்தைச் சேர்ந்த டிங்கோ சிங் வென்ற தங்கப் பதக்கம். பெண்களுக்கான முதல் தேசியக் குத்துச்சண்டைப் போட்டி 2001 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்றபோது அதில் அவர் தங்கம் வென்றார் என்பதைத் தமிழ் வாசகர்களில் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ரோசமான குத்துச்சண்டை என்று சுவரொட்டி ஒட்டி, பரம்பரை எனப்படும் குழுக்களாகப் பிரிந்து நின்று ஆண்கள் மோதிய வரலாறு உள்ள அந்நகரம், பெண்களின் தேசிய அளவிலான மோதலுக்கும் தொடக்க மேடையானது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ஸ்க்ராண்டனில் நடந்த முதல் பெண்கள் உலக வாகையர் போட்டியில் வெள்ளி வென்ற மேரி கோம், 2002இல் துருக்கியின் அன்டால்யா, 2005இல் ரஷ்யாவின் பொடோல்ஸ்க், 2006இல் புதுதில்லி, 2008இல் சீனாவின் நிங்போ, 2010இல் பார்படோஸின் பிரிட்ஜ்டவுன் என ஐந்து முறை தொடர்ந்து தங்கம் வென்றார். ஆறாவது தங்கம் எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின், 2018இல் மீண்டும் புதுதில்லியில் வந்தது.

இந்தப் பட்டியலைவிட முக்கியமான ஒன்றை ரசிகர்கள் குறிப்பிடுவர். குத்துச்சண்டையில் உடல் எடையை ஒட்டியே போட்டியாளர்கள் பிரிக்கப்படுகிறார்கள். இதற்கு எடைப் பிரிவு என்று பெயர். மேரி கோம் உலகப் பட்டங்களை வென்றதெல்லாம் 45 முதல் 48 கிலோ வரையிலான பிரிவுகளில்தான். ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்கள் குத்துச்சண்டை சேர்க்கப்பட்டபோது, ஆண்களுக்குப் பத்துப் பிரிவுகள் இருக்க, பெண்களுக்கு 51, 60, 75 கிலோ என்னும் மூன்று மட்டுமே தரப்பட்டன. தம் இயல்பான எடைக்கு மேல் ஏறி, தம்மைவிட உயரமும் கைநீளமும் கூடிய எதிரிகளோடு மோதியாக வேண்டிய நிலையில், இரட்டைக் குழந்தைகளைப் பெற்று ஐந்து ஆண்டுகள் ஆன அவர் அரையிறுதி வரை சென்று, பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸிடம் 6-11 என்ற புள்ளிக்கணக்கில் தோற்று வெண்கலம் பெற்றார். குத்துச்சண்டை அறிந்தவர்கள் அந்த வெண்கலத்தை ஆறு தங்கங்களுக்கு நிகராக வைப்பதற்கு இதுவே காரணம். அந்த மதிப்பீடு நியாயமானது.

வடகிழக்கு மாநிலத்தவரை இந்தியர்களாகவே எண்ணத் தயங்கும் பழக்கம் நாட்டின் பிற பகுதிகளில் நிலவும் சூழலில், அவருடைய வெற்றிக்கு விளையாட்டைத் தாண்டிய ஒரு பொருளும் ஏறியது. 2014இல் வெளிவந்த திரைப்படத்தில் அவராகப் பிரியங்கா சோப்ரா நடித்ததை வடகிழக்கைச் சேர்ந்த பலர் குறைகூறினர். மணிப்பூரில் தீவிரவாத அமைப்புகள் இந்திப் படங்களுக்குத் தடை விதித்திருந்ததால், அந்தப் படம் அவருடைய சொந்த மாநிலத்தின் திரையரங்குகளிலேயே ஓடவில்லை.

மனத்தாங்கலின் வேரைப் புரிந்துகொள்ளத் தேர்வுப் போட்டி என்பது என்ன என்று தெரிய வேண்டும். உலக வாகையர் போட்டி, ஒலிம்பிக் போன்றவற்றுக்கு ஒரு நாடு ஒவ்வோர் எடைப் பிரிவிலும் ஒருவரை மட்டுமே அனுப்பலாம் என்பதால், அந்த ஓர் இடத்துக்கு உரியவர் யார் என்பதை முகாமில் உள்ள வீராங்கனைகளை நேருக்கு நேர் மோதவிட்டு முடிவுசெய்வதே தேர்வுப் போட்டி. விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் உப்பளக் கரையில், வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்திகளில் வேலை நின்று கூலியும் நின்றுபோகும் ஒரு குடும்பத்தில் பிறந்த பெண் குத்துச்சண்டைக்கு வருவதாக வைத்துக்கொண்டால், அவர் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி, தேசிய முகாம் என்று படிப்படியாக ஏற வேண்டும். அந்த ஒவ்வொரு படியிலும் சங்க நிர்வாகிகளின் தயவு தேவைப்படலாம். தயவு செல்லாத இடம் ஒன்று உண்டென்றால் அது கயிறுகளுக்கு நடுவே மூன்று சுற்றுகளாக நடக்கும் அந்த ஒன்பது நிமிடம்தான். நிர்வாகத்தின் பிடியில் வீராங்கனைகள் எவ்வளவு எளிதில் சிக்குகிறார்கள் என்பதை, சென்னையைச் சேர்ந்த துளசி என்னும் வீராங்கனையின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து நார்வே நாட்டினர் எடுத்த 'லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை' என்ற 2013ஆம் ஆண்டு ஆவணப்படம் காட்டியிருக்கிறது. எனவே தேர்வுப் போட்டி இல்லாமல் ஒருவருக்கு இடம் தரப்படும்போது, அந்த ஒருவர் எத்தனை பெரியவராக இருந்தாலும், ரசிகர்கள் முகம் சுளிப்பது இயல்பே.

2019 ஆகஸ்டில் அதுதான் நடந்தது. ரஷ்யாவின் உலான் உடே நகரில் நடக்கவிருந்த உலக வாகையர் போட்டிக்கு, 51 கிலோ பிரிவில் மேரி கோமைத் தேர்வுப் போட்டியின்றியே அனுப்ப இந்தியக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு முடிவெடுத்தது. அதே பிரிவில் காத்திருந்தவர் தெலங்கானாவின் நிஜாமாபாதைச் சேர்ந்த நிகத் ஜரீன். 2011இல் இளையோர் உலகப் பட்டம் வென்றவர், மேரி கோமைவிட ஏறத்தாழ 14 வயது இளையவர். மேரி கோமின் முதல் உலகத் தங்கத்தைப் போலவே, அவர் வென்ற அந்த இளையோர் பட்டமும் அன்டால்யாவில்தான் கிடைத்தது. உலான் உடேயில் மேரி கோம் காலிறுதியில் கொலம்பியாவின் இங்ரித் வலென்சியாவை வென்று, அரையிறுதியில் துருக்கியின் புசேனாஸ் சாகிரோக்லுவிடம் தோற்று, வெண்கலத்தோடு திரும்பினார். அந்தத் தோல்வியை எதிர்த்து இந்தியா செய்த முறையீடு ஏற்கப்படவில்லை.

சிக்கல் இதன் பிறகே முற்றியது. பெண்கள் பிரிவில் உலகப் போட்டியில் தங்கமோ வெள்ளியோ வென்றவர்களுக்கு மட்டுமே ஒலிம்பிக் தகுதிச்சுற்றுக்கான தேர்வுப் போட்டியிலிருந்து விலக்கு உண்டு என்று முன்னர் அறிவித்திருந்த கூட்டமைப்பு, மேரி கோமுக்குக் கிடைத்தது வெண்கலம் என்றானதும் அவரையும் நேரடியாக அனுப்பப்போவதாகப் பேசத் தொடங்கியது. ஆட்டம் முடிந்த பின் ஆட்டவிதி மாறியது என்ற குற்றச்சாட்டு எழுந்தது இங்கேதான். நிகத் அப்போதைய விளையாட்டுத் துறை அமைச்சர் கிரண் ரிஜிஜுவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, தாம் கேட்பது சலுகை அன்று, நியாயமான ஒரு வாய்ப்பு மட்டுமே என்றார். ஒலிம்பிக் தங்கம் வென்ற துப்பாக்கிச் சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா அந்தக் கோரிக்கைக்கு ஆதரவாகப் பேசினார். நிகத் யார் என்றே தமக்குத் தெரியாது என்ற பொருளில் மேரி கோம் செய்தியாளர்களிடம் சொன்ன மறுமொழி, அவருடைய நெடுநாள் ரசிகர்களையும் திகைக்கவைத்தது. ஏனெனில் அதே ஆண்டு மே மாதம் குவாஹாட்டியில் நடந்த இந்திய ஓபன் அரையிறுதியில் அவர் நிகத்தோடு மோதி வென்றிருந்தார்.

கூட்டமைப்பு இறுதியில் பழைய விதிக்கே திரும்பியது. 2019 டிசம்பர் 28 அன்று தில்லி இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கில் நடந்த தேர்வுப் போட்டியில், 37 வயதான மேரி கோம் 23 வயதான நிகத்தை 9-1 என்ற கணக்கில் வென்றார். ஆட்டத்தைப் பற்றிப் பெரிய ஐயம் இல்லை. கிட்டே நெருங்கவிடாமல் விலகி நின்று, எதிரி முன்னேறும்போது எதிர்க்குத்து விடும் பழைய நுட்பம் அன்றும் வேலை செய்தது. ஆனால் மறுநாள் நாளிதழ்களின் பேச்சு, ஆட்டம் முடிந்ததும் நிகத்தின் கையைப் பற்ற அவர் மறுத்ததைப் பற்றியே இருந்தது. பிறரிடம் மதிப்பை எதிர்பார்ப்பவர் முதலில் பிறரை மதிக்க வேண்டும் என்று அவர் தம் தரப்பு விளக்கத்தைச் சொன்னார். மூன்று சுற்று ஆடிய பின் கைகுலுக்குவது குத்துச்சண்டையில் வெறும் நாகரிகம் மட்டுமன்று; ஒருவரையொருவர் முகத்தில் அடித்துக்கொண்ட இருவர், அதில் பகை இல்லை என்று அறிவிக்கும் செயல் அது. அதை மறுப்பது விதிமீறல் ஆகாது என்றாலும், ரசிகர்கள் எளிதில் மறக்கக்கூடியதும் அன்று.

இங்கே குற்றத்தின் பெரும்பகுதி யாரைச் சேரும் என்பதில் ரசிகர்களின் தீர்ப்பு சற்றுக் கோணலானது என்றே சொல்ல வேண்டும். விதியை வளைக்க முயன்றது கூட்டமைப்பு. நேரடி இடம் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லும் விளையாட்டு வீரர் உலகில் அரிது. இறுதியில் தேர்வுப் போட்டி அறிவிக்கப்பட்டபோது அவர் விலகவில்லை, வந்து வென்றார். ஆயினும் அவர் அப்போது வெறும் வீராங்கனையாக இருக்கவில்லை. 2016 ஏப்ரலில் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு உறுப்பினராக இருந்தார். அதிகாரத்துக்கு அருகில் இருப்பவருக்காக விதி வளையும்போது, வளைத்தவரின் பெயரைவிடப் பயன்பெறுபவரின் பெயரே மக்கள் மனத்தில் தங்குகிறது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அந்த மனத்தாங்கலுக்கு ஒரு மறுபக்கம் கிடைத்தது. தொடக்க விழாவில் ஹாக்கி வீரர் மன்பிரீத் சிங்குடன் தேசியக் கொடி ஏந்திச் சென்ற அவர், 2021 ஜூலை 29 அன்று தாம் முன்பு வென்றிருந்த அதே இங்ரித் வலென்சியாவிடம் 3-2 எனத் தோற்றார். ஐந்து நடுவர்களும் ஒவ்வொரு சுற்றிலும் மேலோங்கியவருக்குப் பத்துப் புள்ளியும் மற்றவருக்குப் பெரும்பாலும் ஒன்பதும் தருவார்கள். மூன்று சுற்றுகளையும் கூட்டி ஒவ்வொரு நடுவரும் ஒருவரை வெற்றியாளராகக் காட்டுவார். முதல் சுற்றில் நால்வர் வலென்சியாவுக்குத் தந்தனர்; அடுத்த இரு சுற்றுகளிலும் மூவர் மேரி கோமுக்குத் தந்தனர். மூன்றில் இரண்டு சுற்றுகளில் பெரும்பான்மை பெற்றவரே ஆட்டத்தில் தோற்பது இந்த முறையில் நடக்கக்கூடியதே. தாம் வென்றுவிட்டதாகவே நம்பிய அவருடைய முகத்தைக் கண்ட பிறகு, இரண்டு ஆண்டுகளாக அவரைக் குறைகூறிவந்த பலரும் இரக்கப்பட்டனர்.

இத்தகைய இரட்டை உணர்வு குத்துச்சண்டைக்குப் புதிதன்று. 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் கண்காட்சி ஆட்டம் ஆடிப் பல்லாயிரம் பேரைப் பரவசப்படுத்திய முகமது அலி, அதே ஆண்டு அக்டோபரில், தம்மோடு முன்பு பயிற்சிக்கு மோதிய லாரி ஹோம்ஸிடம் லாஸ் வேகாஸில் அடி வாங்கிக் கொண்டே நின்றார். பத்தாம் சுற்றுக்குப் பின் அவருடைய பயிற்சியாளரே ஆட்டத்தை நிறுத்தினார். எப்போது இறங்குவது என்று அறியாதவர் என்ற வருத்தம் அன்று அலியின் ரசிகர்களுக்கும் இருந்தது. மேரி கோமின் கடைசிப் பெரிய முயற்சி 2022 ஜூனில், காமன்வெல்த் தேர்வுப் போட்டியில், நீத்து கங்காஸுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் காயத்தோடு முடிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அவர் 40 வயதை எட்டினார்; பின்னர் சர்வதேச வயது வரம்பு எஞ்சியிருந்த வாயிலையும் மூடியது.

களத்துக்கு வெளியேயும் விவாதம் ஓயவில்லை. 2023 ஜனவரியில், மல்யுத்தக் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது வீராங்கனைகள் சுமத்திய பாலியல் தொல்லைப் புகார்களை ஆராய அரசு அமைத்த மேற்பார்வைக் குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். குழுவின் அறிக்கை முழுமையாக வெளியிடப்படவில்லை. நம்பிக்கை இழந்த மல்யுத்த வீராங்கனைகள் ஏப்ரல் 23 அன்று தில்லி ஜந்தர் மந்தரில் மீண்டும் போராட்டத்தில் அமர்ந்தனர். ஒரு பெண், ஒரு விளையாட்டு வீராங்கனை, ஒரு தாய் தலைமையேற்றால் நீதி கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது மிகப் பெரிய ஏமாற்றம். மறுமாதமே இன மோதலில் மணிப்பூர் பற்றியெரிந்தபோது, தம் மாநிலத்தைக் காப்பாற்றுமாறு சமூக வலைத்தளத்தில் பிரதமரை நோக்கி அவர் வேண்டினார். பின்னர், மோதும் இரு தரப்பின் ஆயுதக் குழுக்களும் கோம் ஊர்களுக்குள் நுழையாதிருக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சருக்கு எழுதினார். இரண்டு பெரிய இனங்களுக்கிடையே சிக்கிய சிறு இனத்தைச் சேர்ந்தவரின் அந்தக் குரலை, தமிழ்நாட்டில் அமர்ந்துகொண்டு போதாது என்று சொல்வது எளிது.

நிகத், 2022 மே மாதம் இஸ்தான்புல்லில் உலகப் பட்டம் வென்று திரும்பிய சில நாள்களில், மேரி கோமோடு நின்று எடுத்த படத்தை வெளியிட்டு, அவரைத் தம் முன்மாதிரி என்றே குறிப்பிட்டார். பாதிக்கப்பட்டவரே கடந்துபோய்விட்ட ஒன்றை ரசிகர்கள் சுமந்துகொண்டிருப்பதற்குக் காரணம், அந்தச் சண்டை இரு பெண்களுக்கு இடையிலானதாக மட்டும் இருக்கவில்லை என்பதே. 2023இல் கூட்டமைப்பு தேர்வுப் போட்டி முறையைக் கைவிட்டு, முகாமில் பல நாள்கள் வீராங்கனைகளைக் கவனித்து மதிப்பெண் இட்டுத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறியது. புதுதில்லி உலகப் போட்டிக்கு 48 கிலோ பிரிவில் நீத்து கங்காஸ் தேர்வானார். 2019 உலான் உடேயில் அந்தப் பிரிவில் வெள்ளி வென்ற மஞ்சு ராணியும் வேறு இருவரும் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினர். தேர்வில் தலையிட நீதிமன்றம் மறுத்தது. நீத்து தங்கம் வென்றார். 2019 டிசம்பரில் மேரி கோமா நிகத்தா என்ற கேள்விக்கு, கசப்போடு என்றாலும், ஒன்பது நிமிடத்தில் விடை கிடைத்தது. நீத்துவா மஞ்சுவா என்ற கேள்வி 2023இல் மேடை ஏறவே இல்லை.