மறைந்த கோப்புகள் அழிந்துவிடவில்லை

கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், பத்திர நகல்கள் எல்லாவற்றையும் ஒரே சேமிப்புப் பெட்டியில் வைத்து, வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளிலிருந்தும் பார்ப்பது நல்ல ஏற்பாடுதான். லினக்ஸ் உள்ளிட்ட யுனிக்ஸ் வகைக் கணினிகளில் இதற்கு என்எஃப்எஸ் என்ற முறை வெகுகாலமாகப் பயன்படுகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்தது. சர்வரிலுள்ள கோப்புறையை நம் கணினியின் ஒரு கோப்புறை மேல் இது பொருத்திக் காட்டும். அப்படிப் பொருத்துவதற்கு 'மவுண்ட்' என்று பெயர்.

நம் கணினியில் 'படங்கள்' என்ற கோப்புறை ஏற்கெனவே நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மேலேயே சர்வர் கோப்புறையை மவுண்ட் செய்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். கலக்காது. பழைய படங்கள் ஒன்றுகூடக் கண்ணில் படாது. சர்வரில் உள்ளவை மட்டுமே தெரியும். தரையில் கிடக்கும் காகிதங்கள் மேல் பாயை விரித்தது போலத்தான். காகிதங்கள் அடியில் பத்திரமாக இருக்கின்றன. 'யூமவுண்ட்' கட்டளையால் பாயைச் சுருட்டினால் எல்லாம் அப்படியே கிடைக்கும்.

இது தெரியாமல் பதறுவதில்தான் ஆபத்து இருக்கிறது. "இவை என் படங்கள் அல்லவே" என்று கண்ணில் படுவதையெல்லாம் அழித்தால், அழிவது சர்வரில். அதாவது குடும்பத்தார் அனைவருடைய படங்களும் போய்விடும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. கணினியை இயக்கும்போது நெட்வொர்க் கிடைக்காவிட்டால் மவுண்ட் நடக்காது. ஆனால் கோப்புறை மட்டும் இருக்கும். தினமும் தானாக நகலெடுக்கும் நிரல் இதை அறியாது. சர்வருக்குப் போக வேண்டியதை நம் வன்தட்டிலேயே எழுதிக்கொண்டிருக்கும். மறுநாள் மவுண்ட் சரியாக நடந்ததும், நேற்று எழுதியவை பாய்க்கு அடியில் போய்விடும். சில மாதங்கள் இப்படி நடந்தால் வன்தட்டு நிரம்பிவிடும். 'டிஎஃப்' கட்டளை இடமில்லை என்னும். 'டியூ' கட்டளையோ அவ்வளவு கோப்புகள் இல்லவே இல்லை என்று கணக்குக் காட்டும். இரண்டும் முரண்பட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மறைந்து கிடக்கும் கோப்புகளைத்தான். (நீக்கப்பட்ட கோப்பை ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருந்தாலும் இப்படிக் காட்டும்.)

மவுண்டைக் கழற்றாமலே அடியில் இருப்பதைப் பார்க்கவும் லினக்ஸில் வழியுண்டு. மூலக் கோப்புறையை 'பைண்ட்' மவுண்டாக வேறோர் இடத்தில் பொருத்தினால், அங்கே பழைய கோப்புகள் தெரியும். 'படங்கள்' தனிப் பகிர்வில் இருந்தால், அந்தப் பகிர்வை அப்படிப் பொருத்த வேண்டும்.

எனவே மவுண்டுக்கென்று காலியான கோப்புறை ஒன்றைத் தனியே உருவாக்குவதே சரி. மவுண்ட் செய்யும் முன்பே அதை 'சேட்டர்' கட்டளையால் மாற்ற முடியாததாகப் பூட்டி வைக்கலாம். அப்போது மவுண்ட் நடக்காத நாளில் நகலெடுக்கும் நிரல் எழுத முடியாமல் பிழை காட்டி நிற்கும். நமக்கும் உடனே தெரிந்துவிடும்.