எழுத்துக்கு வாடகை

தாலுகா ஆபீஸுக்கு எதிரே பதினோரு வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என வருகிற வேலை எதையும் விடுவதில்லை. எழுத்துருவில் ‘ஃப்ரீ’ என்று போட்டிருந்தால் இறக்கிக்கொள்வேன், அவ்வளவுதான்.

ஊறுகாய் போட்டு விற்கும் அக்கா ஒருவருக்கு லேபிள் செய்து கொடுத்தேன். பெயர் ஆங்கிலத்தில், கையால் எழுதியது போல நெளிநெளியாக. அவர் ஆன்லைனில் விற்க ஆரம்பித்த சில மாதத்தில் வெளிநாட்டு எழுத்துரு நிறுவனம் ஒன்றிடமிருந்து மின்னஞ்சல்: உரிமத் தொகை கட்டுங்கள். அக்கா போனும் கையுமாகக் கடைக்கே வந்துவிட்டார். “என்ன தம்பி, எழுத்துக்குமா வாடகை?”

பழைய ஜிப் கோப்பைத் தேடிப் பிரித்தேன். எழுத்துருவோடு கூடவே ‘ரீட்மீ’ என்று ஒரு குட்டிக் கோப்பு. சொந்த உபயோகத்துக்கு இலவசம், வியாபாரத்துக்கு என்றால் வாங்க வேண்டும் என்று நாலே வரியில் சொல்லியிருந்தது. அன்றுதான் அதைத் திறக்கிறேன்.

எழுத்துரு என்பது கணினி நிரல். நம் 1957 பதிப்புரிமைச் சட்டமோ கணினி நிரலை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்திருக்கிறது. ஊறுகாய் லேபிளும் இலக்கியத்தில் வந்து நிற்கும் என்று யார் கண்டது! தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். பேசிப் பார்த்து ஒரு தொகை கட்டினோம். பாதி என் பணம்.

இப்போது ‘ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்’ உள்ளவற்றைத்தான் தொடுகிறேன். ‘பலூ தம்பி’ எழுத்துரு, பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘கேட்டமரான்’ இரண்டும் அந்த வகை. லேபிளில் போடலாம், பேனரில் போடலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. படங்களில் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமக் குறிக்குப் பக்கத்தில் ‘என்சி’ என்று இருந்தால் வியாபாரத்துக்கு ஆகாது.

எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் ஆதார். விண்ணப்பத்தில் ஏற்ற வேண்டிய பிடிஎஃப் பெரிதாக இருந்தால், இலவசமாகச் சுருக்கித் தரும் ஏதோ ஓர் இணையதளத்தில் போடுவேன். அடுத்தவர் ஆதாரும் பாஸ்புக்கும் எந்த நாட்டு சர்வருக்குப் போய்வந்தன என்று யோசித்ததே இல்லை. இப்போது லிப்ரே ஆபீஸில் திறந்து, படத் தெளிவை 150 டிபிஐக்கு இறக்கி, பிடிஎஃப்பாக எடுக்கிறேன். அதுவும் இலவசம்தான், கோப்பு கடையை விட்டு வெளியே போகாது. முழு எண் தேவையில்லாத இடத்துக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற ‘மாஸ்க்டு ஆதார்’ எடுத்து வரச் சொல்கிறேன்.

ஒருநாள் சாயங்காலம் என் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். உட்கார்ந்து எல்லாவற்றையும் ஷிஃப்ட் டெலிட் அடித்தேன். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியதும் ஒரு பையன் வந்து நின்றான். “அண்ணே, ஆதார் எடுத்துட்டு வரல. போன தடவை குடுத்தது உங்ககிட்ட இருக்குமே, அதையே போட்டுடுங்க.”